குழம்பில் என்னமோ குறையுது

எங்கள் பஸ் நிற்கிற ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு கூறுகெட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கண்டக்டர் வேலை பார்க்கிறவனுக்கு அதெல்லாம் பழகிப்போகும். ஆனால் ஒரே தாய் வயிற்றில், ஒருத்தர் விடாமல் அண்ணன் தம்பி மூன்று பேரும் அப்படி அமைந்தது நாவல்பட்டியில் மட்டும்தான். தவசி பெரியவன். வீரணன் நடுவுலவன். மொக்கராசு சின்னவன். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இவர்களுக்குப் பின்னால் பிறந்த ஒரே தங்கச்சி பவுனுத்தாய். நல்ல கெட்டிக்காரி. அண்ணன்மாருக்கு வரவேண்டிய மூளையையும் சேர்த்து இவளே வாங்கிக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு. டவுனில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற கதிரேசனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி வீட்டில் குடித்தனம்.

பவுனு முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு அண்ணன்மார் மூவரும் என் பஸ்ஸில் ஏறி, டிரைவர் உட்பட எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பவுனுவை மசக்கை போட்டு ஆட்டியது. ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை, போனாலும் தங்கவில்லை. அம்மா சிட்டம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா பஸ்ஸே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் தாய் வீட்டுக்கு அழைத்து வரவும் வழியில்லை. இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்கும் நல்லதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஒருநாள் நாவல்பட்டி நிறுத்தத்தில் இருளப்பன் கடையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தவசியின் போனுக்குச் சிட்டம்மா கூப்பிட்டாள். தவசிக்கு போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது. ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்.

"டேய், இவ சின்னப் பிள்ளையில நம்ம வீட்டுல தின்ன கத்திரிக்காப் புளிக்குழம்புதான் வேணும்ங்கிறாடா. வச்சுக் குடுத்தேன். ஒரு வாய் வச்சிட்டு, இது அது இல்லம்மா, இதுல என்னமோ குறையுதுன்னு தட்டைத் தள்ளிட்டா. அதே கைதானடா வச்சது? எனக்கு ஒண்ணும் புரியல."

"என்ன குறையுதும்மா?" என்றான் தவசி.

"அது தெரிஞ்சா உனக்கு எதுக்குடா போன் போடுறேன்? நீங்க மூணு பேரும் உக்காந்து யோசிங்க. நம்ம வீட்டுல இருந்தது இங்க என்ன இல்லைன்னு பாருங்க. அது எதுவா இருந்தாலும் சரி, நம்ம கண்டக்டர்கிட்ட குடுத்து விடுங்க."

பாவம், பெற்றவளுக்கு ஏதோ பதற்றம். இல்லாவிட்டால் அந்த மூன்று பேரைப் பார்த்து யோசிங்க என்று சொல்லியிருக்கமாட்டாள். எதுவா இருந்தாலும் என்றும் சொல்லியிருக்கமாட்டாள்.

மறுநாள் புளி வந்தது. வீட்டுக் கொல்லைப் புளி, பழசு, கருகருவென்று இருந்தது. எனக்கே ஆச்சரியம். பரவாயில்லையே, பயல்களுக்குப் புத்தி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு கதிரேசனிடம் கொடுத்தேன். குழம்பு வைத்தார்கள். பவுனு சாப்பிடவில்லை.

அதற்கடுத்து தண்ணீர். "நம்ம கிணத்துத் தண்ணிதான்ண்ணே ருசி" என்று வீரணன் ஒரு பித்தளைக் குடம் நிறைய, விளிம்பு வரை தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நின்றான். மூடியும் இல்லை, ஒன்றும் இல்லை. பஸ்ஸில் கல்யாணக் கூட்டம். எனக்கு எரிச்சல். அவனைப் பின் சீட்டில் உட்காரவைத்து, "குடத்தை மடியில வச்சுக்க. நான் வந்து சொல்ற வரைக்கும் ஆடக் கூடாது, அசையக் கூடாது" என்றேன்.

டவுனில் கூட்டம் இறங்கியது. கணக்கு முடித்தேன், சாப்பிட்டேன், அடுத்த டிரிப் எடுத்தோம். சாயங்காலம் கடைசி டிரிப்பில் ஆள் குறைந்தபிறகுதான் பார்க்கிறேன், பின் சீட்டில் வீரணன். அதே குடம், அதே மடி. கழுத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, அதைக்கூட விரட்டவில்லை. காலையிலிருந்து டவுனுக்கும் ஊருக்குமாகப் போய்ப் போய் வந்திருக்கிறான்.

"ஏண்டா இறங்கல?" என்று கத்தினேன்.

உதடு மட்டும் அசைத்து, "நீங்க வந்து சொல்லலையேண்ணே" என்றான்.

ஒரு சொட்டு சிந்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இதில் என் தப்பு எதுவும் கிடையாது. மறுநாள் அதே தண்ணீரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தண்ணீரிலும் குழம்பு வைத்தார்கள். பவுனு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இருளப்பன் கடை பெஞ்சில் பெரிய ஆலோசனை நடந்தது.

"அம்மா கை அங்க இருக்கு" என்றான் தவசி. "புளி போயிருச்சு, தண்ணி போயிருச்சு. பாக்கி என்ன?"

"அடுப்பு" என்றான் வீரணன். "அங்க கேஸ் அடுப்பு. நம்ம வீட்டுல மண்ணடுப்பு."

"புதுசா ஒண்ணு வாங்கி அனுப்புவமா?" என்றான் மொக்கராசு.

தவசிக்குக் கோபம் வந்துவிட்டது. "புது அடுப்புக்குப் பழைய குழம்பைப் பத்தி என்னடா தெரியும்?"

நியாயம்தானே என்று மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வீட்டோடு சேர்த்து அம்மா பூசி வைத்திருந்த அடுப்பைக் கடப்பாரை போட்டுத் தரையோடு பெயர்த்து எடுத்தார்கள். அடுப்படியில் ஆள் இறங்குகிற அளவுக்குக் குழி. அடுப்பைச் சாக்கில் கட்டி நாலு பேர் உதவியோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கதிரேசன் பஸ் ஸ்டாண்டில் அதைவிடப் பெரிய பார்வை பார்த்தான். ஆனால் பெண்டாட்டி பட்டினி கிடக்கிறவன் என்ன பேசுவான்? மொட்டை மாடியில் வைத்து விறகு மூட்டிச் சிட்டம்மா வேர்த்து விறுவிறுத்துக் குழம்பு வைத்தாள்.

சாயங்காலம் போன் வந்தது. சிட்டம்மா அழுதே விட்டாள். "மோந்து பாத்தாடா. மூணு விரலால எடுத்து நாக்குல வச்சா. அப்புறம் இன்னும் என்னமோ குறையுதும்மான்னு படுத்துட்டா. எனக்குத் தெரியலடா சாமி. நம்ம வீட்டுப் புகை இல்லாததுதான் குறையோ என்னமோ!"

வெறுத்துப்போய்ச் சொன்ன வார்த்தை அது. யாரிடம் என்ன சொல்கிறோம் என்று இல்லையா?

மறுநாள் காலை மொக்கராசு ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். வாயில் ஈரத்துணி போட்டுக் கயிறு கட்டியிருந்தது. கண்ணிரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன. நான் வாங்கித் தூக்கினேன். கனமே இல்லை.

"என்னடா, காலிக் குடம்?"

"ஐயோ, காலி இல்லண்ணே. புகை. மூணு பேரும் விடிய முன்னாடி எந்திரிச்சு அடைச்சோம். துணியை அவிழ்த்தா போயிரும், பதனமாக் கொண்டு போங்க."

"டேய், அடுப்பைத்தான் அனுப்பிட்டீங்களே, எதுலடா புகை போட்டீங்க?"

"அடுப்பு இருந்த குழியிலதான்ண்ணே" என்றான், நான்தான் விவரம் கெட்டவன் என்கிற மாதிரி.

பாதி வழியில் ஒரு பாட்டையா, "குடத்துல தண்ணி இருக்கா தம்பி? நாக்கு வறளுது" என்று கேட்டு, நான் தடுப்பதற்குள் துணியை அவிழ்த்து எட்டிப் பார்த்துவிட்டார். உள்ளே இருந்தது வெறும் வாடை. ஒரு இருமல் இருமினார், அவ்வளவுதான். ஆனால் குடத்தை வாங்கிய கதிரேசன் உள்ளே பார்த்துவிட்டு என்னிடம் ரொம்பப் பணிவாக, "இது என்ன கண்டக்டர் சார்?" என்று கேட்டான். நான் சொன்னேன். அவன் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினான். பிறகு, "பாதி வழியில கொஞ்சம் சிந்திருச்சு போல" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த வீட்டுச் சகவாசம் அவனையும் பிடித்துவிட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் ஆடு. சின்ன வயசில் இவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் வீட்டு ஆடு ஒன்று தட்டுக்குள் மூஞ்சியை விடுமாம். அந்த ஆடு போய் வெகு காலம் ஆகிவிட்டது. அதன் வம்சத்தில் ஒன்று இருந்தது, அதை அனுப்பினார்கள். அது மாடிப்படி ஏறி, வீட்டுக்கார அம்மா காயவைத்திருந்த வடகத்தைத் தின்று, பவுனுக்கு வைத்திருந்த குழம்புச் சோற்றையும் தின்றது. தட்டையும் நக்கியது.

செய்தி கேட்ட அண்ணன்மாருக்கு ஒரே மகிழ்ச்சி. "ஆட்டுக்குப் பிடிச்சிருச்சா? அப்ப கிட்டத்தட்ட வந்துட்டோம்டா" என்றான் தவசி.

ஆனால் போனில் கதிரேசனின் குரல் சரியில்லை. "மச்சான், நாளைக்குச் சாயங்காலம் டாக்டர் எடை பாப்பாங்க. குறைஞ்சிருந்தா உடனே சேத்துருவாங்க. அவளால எந்திரிச்சு நிக்க முடியல மச்சான்" என்றான். போனை வைத்துவிட்டான்.

பெஞ்சில் மூன்று பேரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மொக்கராசு மூக்கை உறிஞ்சினான். தங்கச்சி என்றால் மூன்று பேருக்கும் உயிர். முட்டாளாக இருந்தாலும் உயிர் உயிர்தானே.

கடைசியில் வீரணன் கேட்டான். "அண்ணே, அம்மா அங்க. புளி, தண்ணி, அடுப்பு, புகை, ஆடு எல்லாம் அங்க. இங்க என்னதான் பாக்கி இருக்கு?"

தவசி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தம்பிகளைப் பார்த்தான். பிறகு தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டான்.

"நாமதான்டா பாக்கி."

"அப்ப வா, பஸ் ஏறுவோம்" என்று எழுந்தான் மொக்கராசு.

"உக்காருடா. அம்மா என்ன சொல்லுச்சு? கண்டக்டர்கிட்ட குடுத்து விடுங்கன்னு சொல்லுச்சு. நாமளா ஏறிப் போனா எப்படி?"

"நம்மளை யாருண்ணே குடுக்குறது?"

"உங்க ரெண்டு பேரையும் நான் குடுத்துருவேன்."

"உன்னை?"

தவசி தன் கையைத் தானே பிடித்து நீட்டிப் பார்த்தான். மொக்கராசுக்கு அழுகையே வந்துவிட்டது. "பெரியண்ணன் இல்லாத குழம்பு எப்படி நம்ம வீட்டுக் குழம்பாகும்?" என்று தேம்பினான். ஒரு டீ ஆறுகிற நேரம் இதே விவாதம். கடைசியில் இருளப்பன் பொறுக்கமாட்டாமல் கல்லாவை விட்டு இறங்கி வந்து, தவசியின் கையைப் பிடித்து என் கையில் வைத்து, "பிடிங்க கண்டக்டரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றான்.

மறுநாள் காலையிலும் இருளப்பன் இப்படியே பிடித்துக் கொடுக்கத்தான் மூவரையும் ஏற்றினேன். பஸ்ஸில் சீட்டு காலியாகக் கிடந்தது. உட்காரமாட்டோம் என்றார்கள். "நாங்க இன்னைக்குச் சாமான்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டார்கள். வழியில் ஒருத்தர் முறுக்கு நீட்டினார். மூன்று பேரும் முறுக்கைப் பார்த்தார்கள், எச்சில் விழுங்கினார்கள், வாங்கவில்லை. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். சாமான் எப்படிச் சாப்பிடும்?

டவுனில் கதிரேசன் வரவில்லை. பவுனுவை விட்டு நகர முடியவில்லை போலிருக்கிறது. இவர்களோ ஆள் வந்து வாங்காமல் இறங்கமாட்டோம் என்று மூட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பார்த்தேன். என் தலையெழுத்து என்று மூவரையும் ஓட்டிக்கொண்டு நானே வீட்டுக்குப் போனேன்.

கட்டிலில் கிடந்தது பவுனுதானா என்று இருந்தது எனக்கு. பள்ளிக்கூடம் போகையில் என் பஸ் படியில் நின்று, உள்ளே போ என்று சொன்னால் என்னையே மிரட்டின பிள்ளை. துணி மாதிரி சுருண்டு கிடந்தாள். கண் மட்டும் பெரிசாக இருந்தது. கதிரேசன் விசிறிக்கொண்டிருந்தான்.

சிட்டம்மா மகன்களைப் பார்த்ததும், "நீங்க எதுக்குடா வந்தீங்க, இருக்கிற லட்சணம் போதாதுன்னா?" என்று பிடித்துக்கொண்டாள். பிறகு மொக்கராசின் முகத்தைப் பார்த்து, "ஏண்டா, சாப்பிடலையா?" என்றாள். அவன் தலையாட்டினான். வீரணனைக் கேட்டாள். அவனும் இல்லை. தவசி தரையைப் பார்த்தான்.

அவ்வளவுதான். பெற்ற வயிறு பொறுக்குமா? திட்டிக்கொண்டே போய்க் குழம்புச் சட்டியைத் தூக்கிவந்தாள். குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டாள். அடியில் ஒட்டின மசாலாவும் நைந்துபோன கத்திரிக்காயுமாக இருந்த சட்டிக்குள் சுடுசோற்றைப் போட்டாள். சுற்றி வழித்துப் பிசைந்தாள். ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இவர்கள் மூவரும் சொல்லாமலே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, வலது கையை ஏந்தினார்கள்.

தவசி கையில் ஒரு உருண்டை. வீரணன் கையில் ஒன்று. மொக்கராசு கையில் ஒன்று. மறுபடியும் தவசி. மூன்று காளை மாடுகள் கழுநீரில் வாய் வைத்த மாதிரி சத்தம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. முட்டிக்கொண்டார்கள், இடித்துக்கொண்டார்கள். எனக்குக்கூட வாயூறியது, பொய் சொல்லக் கூடாது. சட்டி காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியாக ஒரு உருண்டை மிச்சம். கத்திரிக்காய்க் காம்பு ஒட்டின, நல்ல பெரிய உருண்டை. மொக்கராசு கையை நீட்டினான்.

"சின்னண்ணே!"

எல்லாரும் திரும்பினோம். பவுனு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி உருண்டை யாருது? காம்பு உருண்டை யாருது? கையை எடு!"

"நீதான் சாப்பிட மாட்டியே தாயி" என்றான் மொக்கராசு, கையை எடுக்காமல்.

இறங்கி வந்தாள். தள்ளாடித்தான் வந்தாள். வந்தவள் அண்ணன் மணிக்கட்டைப் பிடித்து வளைத்து, அவன் வாய்க்குப் போன உருண்டையைப் பிடுங்கித் தன் வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். காம்பைச் சப்பித் துப்பினாள். கதிரேசன் வாந்திக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஏப்பம் வந்தது. அவ்வளவுதான் வந்தது.

"இதும்மா. இதுதான் அது" என்றாள். "இன்னும் போடு. இவங்களுக்கு முன்னாடி எனக்குப் போடு."

சிட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கதிரேசன் வாளியோடு அழுதான். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? அண்ணன்மார் மட்டும் அழவில்லை. அடுத்த உருண்டைக்குக் கை ஏந்தி உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் எடை பார்த்தார்கள், நல்லவேளை குறையவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம், இப்படியே சாப்பிடட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி பவுனு தனியாகச் சாப்பிட உட்கார்ந்தாள், இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் அண்ணன்மார் வந்து பிடுங்கித் தின்றார்கள், இறங்கியது. விஷயம் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து தினமும் மூன்று சாமான்களும் பட்டினியாக என் பஸ்ஸில் போய், சண்டை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பின. இருளப்பன் தினமும் கல்லாவை விட்டு இறங்கித் தவசியை என் கையில் பிடித்துக் கொடுத்தான். பவுனுக்கு உடம்பு தேறியது. அண்ணன்மாருக்கு அவளைவிட அதிகமாகத் தேறியது. வீரணனுக்கு வயிறு தள்ளி, ஏழு மாசம் என்று சொல்லலாம் போல இருந்தான்.

வளைகாப்பு ஆயிற்று, பிரசவமும் ஆயிற்று. சுகப்பிரசவம், பெண் குழந்தை. மூவரும் மறுபடி பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். அப்பாடா, நம் வேலை முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நாவல்பட்டி நிறுத்தத்தில் பஸ் நின்றது. மூன்று பேரும் குளித்து, திருநீறு பூசி, வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. பக்கத்தில் இருளப்பன், தவசியின் கையைப் பிடித்தபடி தயாராக இருந்தான்.

"என்னடா, மறுபடியுமா? பவுனுக்கு என்ன?"

"பவுனு நல்லா இருக்காண்ணே" என்றான் தவசி. "ராத்திரி அம்மா போன் பண்ணுச்சு. பாப்பா சரியாப் பால் குடிக்க மாட்டேங்குதாம்."

அப்போதுதான் கவனித்தேன். மூவர் கையிலும் ஆளுக்கொரு பால் புட்டி, ரப்பர் போட்டு, நிறையப் பாலோடு.

மொக்கராசின் புட்டியில் மட்டும் பாதிதான் இருந்தது. "இது என்னடா பாதி?" என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "பழகிப் பாத்தேண்ணே" என்றான்.